மலையடிவாரத்தில் ஒரு சிறுவன்

(ஆகஸ்ட் 6, ஆண்டவரின் தோற்றமாற்ற விழாவன்று வானொலியில் வழங்கிய மறையுரை. பங்குமக்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுத்து வடிவில் தருகிறோம்.)



இன்று ஆண்டவரின் தோற்றமாற்ற விழா. பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூவரையும் இயேசு ஓர் உயர்ந்த மலைக்கு அழைத்துப் போகிறார். அங்கே அவருடைய முகம் கதிரவனைப் போல் ஒளிர்கிறது. மோசேயும் எலியாவும் அவரோடு பேசுகிறார்கள். மேகம் வந்து சூழ்ந்துகொள்கிறது. மலையும் மேகமும் நமக்குப் புதிதில்லை. இந்த ஆகஸ்டு மாதத்தில் குன்னூரில் சன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஆகவே பேதுருவின் மனநிலை நமக்கு நன்றாகவே புரியும். இங்கேயே இருந்துவிடலாம், மூன்று கூடாரம் அடித்துத் தருகிறேன் என்கிறார் அவர். கீழே இறங்க அவருக்கு மனமில்லை.

இன்றைய வாசகம் அதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் வீட்டில் விவிலியத்தை எடுத்து அடுத்த பகுதியையும் வாசித்துப் பாருங்கள். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவருமே தோற்றமாற்றத்தை அடுத்து ஒரே நிகழ்ச்சியைத்தான் எழுதுகிறார்கள். இயேசு மலையை விட்டு இறங்குகிறார். அடிவாரத்தில் கூட்டம் நிற்கிறது. நடுவே ஒரு தந்தையும் நோயுற்ற அவருடைய மகனும். வலிப்பு வரும்போது பையன் தண்ணீரிலும் விழுகிறான், நெருப்பிலும் விழுகிறான். சீடர்களால் அவனைக் குணப்படுத்த முடியவில்லை. அவர்களுக்கும் மறைநூல் அறிஞர்களுக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. பையன் தன்பாட்டில் துன்பப்படுகிறான்.

வத்திக்கான் அருங்காட்சியகத்தில் ரபேல் என்ற ஓவியரின் புகழ்பெற்ற ஓவியம் ஒன்று இருக்கிறது. 1520இல் அவர் இறப்பதற்கு முன் கடைசியாக வரைந்தது. அதன் மேற்பாதியில் ஒளிமயமான கிறிஸ்து, கீழ்ப்பாதியில் இந்தச் சிறுவன். இரண்டையும் ஒரே படத்தில் வைத்துவிட்டார். மலையில் கண்ட மகிமையும் அடிவாரத்தில் கிடக்கும் துன்பமும் ஒரே நற்செய்தியின் இரண்டு பாதிகள் என்பதை அந்த ஓவியர் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்.

அன்பார்ந்தவர்களே, இந்த விழா நாளில் நம் தமிழகத்திலும் நெருப்பில் விழுந்தவர்கள் உண்டு. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. அங்குள்ள தர்காவுக்குப் போனால் மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் பல ஊர்களிலிருந்தும், பல சமயங்களிலிருந்தும் குடும்பங்கள் வருவது வழக்கம். தர்காவைச் சுற்றிலும் தனியார் பலர் காப்பகங்கள் நடத்திவந்தார்கள். நோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். அன்று விடியற்காலை அப்படிப்பட்ட காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள்.

அதன்பின் அரசு அங்கிருந்த காப்பகங்களை மூடியது. 500க்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, அனுமதி பெறாத காப்பகங்களைக் கணக்கெடுக்க எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. காப்பகத்தை நடத்தியவர்களுக்கு 2007இல் சிறைத்தண்டனையும் கிடைத்தது.

இதைக் கேட்டதும், "அது வேறு சமயத்தாரின் இடம், நமக்கென்ன?" என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நம் புனிதர்களின் திருத்தலங்களிலும் மனநோயாளிகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கோயில் மண்டபங்களிலும் இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களை எளிதாகக் குறைசொல்லவும் முடியாது. நற்செய்தியில் வரும் தந்தையைப்போல எங்கெங்கோ அலைந்து, கையிலிருந்ததையெல்லாம் செலவழித்து, கடைசியில் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். ஏர்வாடியில் நெருப்பு மூட்டியது யார் என்பதைவிட, அந்தச் சங்கிலியை எத்தனை பேர் பார்த்துவிட்டு, "அவர்கள் நன்மைக்குத்தானே" என்று கடந்துபோனார்கள் என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி.

இன்று நம் நடுவே முதியோர் இல்லங்கள் இருக்கின்றன. சிறுவர் இல்லங்கள் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கும் மனநோயாளிகளுக்குமான இல்லங்கள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களைப் பற்றிப் பேசும்போது நமக்கு உடனே வருகிற சொல் "இரக்கம்". நல்ல சொல்தான். ஆனால் அவர்களுக்கு உரிமை என்று ஒன்று இருக்கிறது. அதை மறந்துவிட்டு நாம் காட்டும் இரக்கம் பாதி வழியிலேயே நின்றுவிடும். இதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அடிவாரத்தில் ஆண்டவர் செய்த மூன்று செயல்களைப் பார்ப்போம்.

முதலாவது, அவர் கேட்டார். எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது என்று அந்தத் தந்தையிடம் விசாரித்தார். சீடர்கள் விவாதம் செய்தார்கள், ஆண்டவர் விவரம் கேட்டார். வேறோர் இடத்தில், எரிகோ சாலையில் பார்வையற்ற பர்த்திமேயு கத்திக் கூப்பிடுகிறார். அவருக்கு என்ன வேண்டும் என்பது பார்த்த யாருக்கும் தெரிந்திருக்கும். இருந்தும் இயேசு அவரிடமே, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். எல்லாம் அறிந்த ஆண்டவரே கேட்டுவிட்டுத்தான் செய்தார்.

நாம் கேட்கிறோமா? அப்பாவை இல்லத்தில் சேர்க்கலாமா என்று அண்ணன் தம்பிகள் கூடிப் பேசுகிறோம், வெளிநாட்டில் இருக்கும் தங்கையிடமும் போனில் பேசுகிறோம். அப்பாவிடம் மட்டும் பேசுவதில்லை. "ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்" என்று சொல்லி அழைத்துப்போகிறோம். இல்லத்திலும் எப்போது எழுவது, எப்போது படுப்பது, யாரோடு ஓர் அறையில் இருப்பது என எதையும் யாரும் கேட்பதில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைத்தான் மாற்றப் பார்க்கிறது. தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தன் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டுப் பெறலாம். பார்வையாளர்களைச் சந்திக்கவும் தொலைபேசியில் பேசவும் அவருக்கு உரிமை உண்டு. குறைகளைப் பற்றிப் புகார் செய்யலாம், இலவசச் சட்ட உதவி பெறலாம். 2019 மக்களவைத் தேர்தலில் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்குள்ளேயே வாக்குச்சாவடி அமைத்தார்கள். அங்கே சிகிச்சை பெற்றுவந்தவர்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். 1794இல் தொடங்கிய மருத்துவமனை அது. நாட்டை ஆள்வது யார் என்று அவர்களையும் கேட்பதற்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இரண்டாவது, ஆண்டவர் அந்தப் பையனின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். கூட்டம் அவன் இறந்துவிட்டான் என்றே பேசிக்கொண்டது. இயேசு அவனைத் தொட்டு எழுப்பி நிற்கவைத்தார். மனிதனை மனிதனாக நிற்கவைப்பதற்குத்தான் மாண்பு என்று பெயர்.

மாண்பு என்றால் பெரிய தத்துவம் என்று நினைக்க வேண்டாம். இல்லங்களில் அது மிகச் சிறிய காரியங்களில்தான் இருக்கிறது. நோயுற்றோருக்கு நற்கருணை கொடுக்க ஓர் இல்லத்துக்குப் போயிருந்தபோது ஒரு பாட்டி என்னிடம் பேசினார். தேயிலைத் தோட்டத்தில் வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவர். வேலை ஓய்ந்ததும் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பிள்ளைகள் திருப்பூரில் ஒற்றை அறையில் குடியிருக்கிறார்கள். "சாமி, இங்க சோத்துக்குக் குறையில்ல. நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. ஆனா துணியெல்லாம் ஒண்ணாத் துவைச்சு ஒண்ணாக் குடுக்கிறாங்க. எது என் சேலைன்னு எனக்கே தெரியல" என்றார். அந்த இல்லத்தில் யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனாலும் அவருடையது என்று சொல்ல ஒரு சேலைகூட அவரிடம் இல்லை.

நான் சொன்ன அந்தச் சட்டத்தை வாசித்தால் வியப்பாக இருக்கும். மனநல இல்லங்களில் இருப்போர் விரும்பினால் தங்கள் சொந்த உடையையே உடுத்தலாம், சீருடை போடும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. சுத்தமான கழிவறையும் சத்தான உணவும் வேண்டும். குளிக்கவும் உடை மாற்றவும் மறைவிடம் வேண்டும். கட்டாய வேலை வாங்கக் கூடாது, வேலை செய்தால் தக்க ஊதியம் தர வேண்டும். எந்த விதத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் சங்கிலியால் கட்டக் கூடாது. ஏர்வாடியில் இறந்தவர்களின் நினைவு அந்தக் கடைசி வரிக்குள் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அப்படியும் 2019இல் உத்தரப் பிரதேசத்தின் பதாவுன் மாவட்டத்தில் மனநோயாளிகள் சங்கிலியில் கிடப்பது உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. இது அரசியல் சாசனம் தரும் வாழ்வுரிமைக்கு எதிரானது என்று நீதிமன்றம் மறுபடியும் சொல்லவேண்டியிருந்தது.

இங்கே நம் பங்கின் பழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் பிறந்தநாள், புதுநன்மை, பெற்றோரின் நினைவுநாள் என்று இல்லங்களுக்குப் போய் உணவு கொடுக்கிறோம். நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் நாம் போய்ச் சேரும்வரை குழந்தைகளும் பெரியவர்களும் பசியோடு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் போனதும் எழுந்து பாட்டுப் பாடுகிறார்கள். நாம் பரிமாறுவதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறோம். நம் வீட்டுப் பந்தியில் சாப்பிடும் விருந்தாளியின் முகத்தை அவரைக் கேட்காமல் ஊருக்கெல்லாம் அனுப்புவோமா? வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்ற ஆண்டவர், கைப்பேசிக்கு மட்டும் விலக்குக் கொடுத்ததாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

மூன்றாவது, ஆண்டவர் அந்தப் பையனை அவனுடைய தந்தையிடமே ஒப்படைத்தார். லூக்கா இதைத் தனியாகக் குறிப்பிடுகிறார். கெரசேனர் பகுதியில், கல்லறைகளிடையே சங்கிலியும் விலங்குமாக வாழ்ந்த மனிதரும் அப்படித்தான். குணமானபின் அவர் இயேசுவோடேயே வந்துவிட விரும்பினார். ஆனால் இயேசு அவரை வீட்டுக்கு, சொந்த மக்களிடம் அனுப்பிவைத்தார். குணம் என்பது வீடு திரும்புவதில்தான் முழுமை அடைகிறது.

ஒருவருக்குக் குடும்பம் இல்லை என்பதாலோ, குடும்பம் ஏற்க மறுக்கிறது என்பதாலோ, வீடு இல்லை என்பதாலோ மட்டும் அவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. யாரோடு, எங்கே வாழ்வது என்பதை மாற்றுத்திறனாளிகள் தாங்களே தேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்டது. இத்தாலி நாடு 1978லேயே சட்டம் இயற்றிப் பெரிய மனநோய் விடுதிகளைப் படிப்படியாக மூடியது. நம் சென்னையில் 1993இல் இரண்டு இளம்பெண்கள் தொடங்கிய 'பான்யன்' அமைப்பு, நெடுங்காலம் விடுதியில் இருந்தவர்களை நாலைந்து பேராகச் சேர்த்துச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடிவைக்கிறது. அவர்கள் சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டாரோடு பேசுகிறார்கள். அவர்களுக்குத் துணையாக ஆள் இருக்கிறார். இதெல்லாம் நடக்காத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சிறுவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வறுமையைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து இல்லத்தில் சேர்ப்பதைத் தருமம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வேறு வழியே இல்லாதபோதுதான் இல்லம் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். குழந்தை வீட்டிலேயே வளர்வதற்காக 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் உதவித்தொகை உண்டு. தகுதியுள்ள தாய் ஒருவருக்கு அந்த விண்ணப்பத்தை எழுதிக்கொடுப்பது, இல்லத்துக்கு ஒரு மூட்டை அரிசி கொடுப்பதைவிடப் பெரிய உதவியாக இருக்கலாம்.

இல்லங்களை நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அவர்களில் பலர் நம் துறவியர். இரவெல்லாம் விழித்திருந்து, மலம் துடைத்து, மருந்து கொடுத்து, மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரரிடம் தவணை கேட்டு நிற்பவர்கள். அவர்களை வணங்குகிறேன். ஆனாலும், "நாங்கள் சேவை செய்கிறோம், எங்களைக் கேள்வி கேட்க யாருக்கு உரிமை?" என்ற எண்ணம் நமக்குள் வரக் கூடாது. பதிவு செய்வதும், ஆய்வுக்கு வரும் அதிகாரியை வரவேற்பதும், புகார்ப் பெட்டி வைப்பதும் நம் நல்ல மனதைச் சந்தேகிக்கும் செயல்கள் ஆகா. எளியவர்களுக்கு நாம் கொடுக்கவேண்டிய உறுதிமொழி அது. நான்கு சுவருக்குள், திருப்பிப் பேச முடியாதவர்கள் மேல் ஒருவருக்கு அதிகாரம் இருக்கும்போது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வெளியிலிருந்து ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்ட செய்தியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் அது எப்படி வெளியே வந்தது என்று பாருங்கள். அங்கே சேர்க்கப்பட்டிருந்த ஒரு முதியவரை வெளிநாட்டில் இருந்த அவருடைய மனிதர் தேடி வந்தார். ஆள் அங்கே இல்லை. எங்கே என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனது. ஒருவர் வந்து பார்த்ததால்தான் மற்ற எல்லாருக்கும் கதவு திறந்தது. போய்ப் பார்ப்பது வெறும் பாசம் மட்டுமில்லை, அதுவே பாதுகாப்பு. சிறையிலும் நோயிலும் இருந்தவர்களைப் பார்க்க வந்தீர்களா என்றுதானே இறுதி நாளில் ஆண்டவர் நம்மிடம் கேட்கப்போகிறார்?

ஆகவே அன்பார்ந்தவர்களே, செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர் இல்லத்தில் இருந்தால், மாதம் ஒருமுறையாவது சொல்லாமல் போய்ப் பாருங்கள். சொந்தச் சேலை, சொந்தப் போர்வை, சொந்த டம்ளர், செபமாலை, ஒரு புகைப்படம் இவை அவரிடம் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தக் குளிரில் வெந்நீர் கிடைக்கிறதா என்று கேளுங்கள். சேர்க்கும் முன்பே இல்லத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். நம் அன்பியங்கள், ஒவ்வொன்றும் ஓர் இல்லத்தைத் தேர்ந்துகொண்டு, உறவினர் யாரும் வராதவர்களின் பெயரைக் கேட்டு, அவர்களைத் தவறாமல் சந்திக்கட்டும். கையில் பொட்டலம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள்.

பெரியவர்களே, உங்களுக்கும் சட்டம் துணை இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்கலாம். பார்த்துக்கொள்கிறேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்துசெய்யக் கோரலாம். இதற்கு வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் உண்டு, அவருடைய அலுவலகம் நம் குன்னூரிலேயே இருக்கிறது. முதியோர் உதவிக்கு 14567, குழந்தைகளுக்கு 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100. இந்த எண்களை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

பேதுரு கூடாரம் அடிக்க நினைத்தார். ஆண்டவர் இறங்கிப் போனார். அவர் முகத்தில் ஒளிர்ந்த அதே மகிமை, இல்லத்தின் கடைசிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரின் முகத்திலும் இருக்கிறது. அதைக் காண நாமும் இறங்கித்தான் போக வேண்டும்.

மன்றாடுவோம். இரக்கமுள்ள தந்தையே, ஏர்வாடி நெருப்பில் இறந்தவர்களை உமது ஒளியில் சேர்த்துக்கொள்ளும். இல்லங்களில் வாழும் எங்கள் சகோதர சகோதரிகளுக்குத் தங்கள் பெயர் சொல்லி அழைக்கும் குரலைத் தாரும். அவர்களைப் பராமரிக்கிறவர்களுக்குப் பொறுமையையும் நேர்மையையும் தாரும். அவர்களை மறந்துவிட்ட எங்களுக்குப் போய்ப் பார்க்கும் கால்களைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.